ஆலோசகரின் பணி: ஆர். சிதம்பரமும் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவியும்

அரசுக்கு அறிவியல் ஆலோசனை கூறுதல் என்னும் தொடருக்குள் இரண்டு வேறு பணிகள் அடங்கியுள்ளன. வெள்ளம், கொள்ளைநோய், அணுமின்சாரம், விதை, மருந்து என அரசு முடிவெடுக்கவேண்டிய காரியங்களில் அறிவியல் அறிந்தது எது, இன்னும் அறியாதது எது என்று எடுத்துரைப்பது ஒன்று. நாட்டில் ஆய்வை எப்படி நடத்துவது, எதற்குப் பணம் ஒதுக்குவது, எந்த நிறுவனத்தை எந்த நிறுவனத்தோடு சேர்ப்பது என்று வழிகாட்டுவது மற்றொன்று. இந்தியாவில் 1999 நவம்பரில் உருவாக்கப்பட்ட முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி இவ்விரண்டையும் சுமக்கிறது. அப்பதவியில் முதலில் அமர்ந்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், 2001 முதல் 2018 வரை பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அதை வகித்தவர் ராஜகோபால சிதம்பரம், 2018இல் உயிரியலாளர் கே. விஜயராகவனும், 2022 ஏப்ரலில் இயற்பியலாளர் அஜய் குமார் சூதும் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றனர். இந்நால்வருள் சிதம்பரத்தின் பணிக்காலமே மிக நீண்டது என்பதாலும், மேற்சொன்ன இரண்டாவது பணிக்கு அவர் கொடுத்த வடிவம் அவருக்குப் பின்னும் நிலைத்திருப்பதாலும், இவ்வுரை அவரது வாழ்வையும் பணியையும் மையமாகக் கொள்கிறது.

அமைச்சருக்குத் துறை உண்டு. செயலருக்கு நிதி ஒதுக்கீடும் கோப்பும் உண்டு. ஆய்வுக்கூட இயக்குநருக்கு ஆட்களும் கருவிகளும் உண்டு. முதன்மை அறிவியல் ஆலோசகரிடம் இருப்பதோ சிறிய அலுவலகமும், பிரதமரையும் அமைச்சரவையையும் நேரே அணுகும் உரிமையுமே. அவர் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் ஆணையிட முடியாது. ஆகவே அப்பதவியின் பலம், அதில் அமர்பவர் அதற்கு முன் செய்துகாட்டிய வேலையிலிருந்தும், தனித்தனியே இயங்கும் துறைகளை ஒரே மேசைக்கு அழைத்து உட்காரவைக்கும் திறமையிலிருந்துமே பிறக்கவேண்டும் என்பது இவ்வுரையின் கருத்து.

ஆந்திர மாநிலத்தின் வரதய்யபாளையத்தை நடுவில் வைத்துச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்தால் இப்படியொரு பதவி ஏன் தேவைப்பட்டது என்பது எளிதில் விளங்கும். கிழக்கே தடாவையும் சூலூர்பேட்டையையும் கடந்து, பழவேற்காடு ஏரியின் மறுகரையில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. அது விண்வெளித் துறைக்கு உட்பட்டது. வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் பரந்து கிடக்கும் ஸ்ரீசிட்டி தொழில்நகரத்தில் வாகனங்களும் மின்னணுப் பொருள்களும் தயாராகின்றன. அவை தனியார் நிறுவனங்களின் உலகம். மேற்கே ஏர்ப்பேட்டில் 2015இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.யும், அதே ஆண்டில் தொடங்கப்பட்ட ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமும் கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்தவை. பழவேற்காடு ஏரியோ பறவைகள் சரணாலயம் என்ற வகையில் வனத்துறையிடமும், மீன்பிடி என்ற வகையில் மீன்வளத் துறையிடமும், எல்லை என்ற வகையில் இரண்டு மாநிலங்களிடமும் பங்குபட்டுக் கிடக்கிறது. ஒரு பொழுதில் சுற்றிவந்துவிடக்கூடிய இந்நிலப்பரப்புக்குள் இத்தனை அறிவு குவிந்திருந்தும், ஓர் ஆய்வுக்கூடம் இன்னொன்றிடம் உதவி கேட்கவேண்டுமானால் கோப்பு அமராவதிக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் போய்த் திரும்பவேண்டியிருக்கிறது.

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே உள்ள கடங்கி என்னும் ஊரில், ஒரு பெரிய மைதானத்தில் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில், மொத்தம் 1,024 இடங்களில் ஆன்டெனாக்கள் நிறுத்தப்பட்டுள்ளன. இது வளிமண்டலத்தின் கீழ், இடை, மேல் அடுக்குகளை ஆராயும் ராடார். 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது மேல்நோக்கி அனுப்பும் வானொலித் துடிப்புகள், காற்றில் எப்போதும் இருந்துகொண்டேயிருக்கும் நுண்ணிய கொந்தளிப்புகளில் பட்டுச் சிறிதளவு திரும்பிவருகின்றன. திரும்பிவரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டால் அந்த உயரத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பது தெரியவரும். ராக்கெட் ஏவுபவருக்கும், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முயல்பவருக்கும், வானொலித் தொடர்பை ஆராய்பவருக்கும் அத்தகவல் ஒருங்கே பயன்படும். ஒரே துறை தனித்து இதைக் கட்டியிருக்க முடியாது. விண்வெளித் துறையுடன் அறிவியல் தொழில்நுட்பத் துறை, மின்னணுத் துறை, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு, அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் முதலியவையும் செலவில் பங்கேற்றதால்தான் அந்த ராடார் எழுந்தது. 1992இல் தேசிய வசதியாக நிறுவப்பட்ட அதுவே பின்னர் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. கடங்கியில் ஒருமுறை நிகழ்ந்த இந்தக் கூட்டு, வழக்கமாகவே ஆகவேண்டும் என்று முயன்றவர்களுள் முதன்மையானவர் சிதம்பரம்.

அரசு அறிவியலாளரை ஆலோசகராக அமர்த்திக்கொள்ளும் வழக்கம் இரண்டாம் உலகப்போரின் பின்விளைவு. அமெரிக்காவில் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் எழுப்பிய அதிர்ச்சிக்குப் பின் 1957இல் ஐசனோவர் ஜேம்ஸ் கில்லியனைத் தம் அறிவியல் உதவியாளராக்கினார். பிரிட்டனில் 1964இல் சாலி சுக்கர்மன் அரசின் முதல் தலைமை அறிவியல் ஆலோசகரானார். இந்தியா இவ்விருவருக்கும் முன்பே தொடங்கிவிட்டது: 1948இல் இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். பின்னாளில் அவ்விடத்தில் ஆந்திர மண்ணைச் சேர்ந்த சூரி பகவந்தமும், தமிழரான வி.எஸ். அருணாசலமும், 1992 முதல் கலாமும் இருந்தனர். ஆனால் அவை பாதுகாப்புத் துறைக்கு மட்டுமான பொறுப்புகள். அரசு முழுமைக்குமான ஆலோசனை 1956இல் அணு அறிவியலாளர் ஹோமி பாபாவின் காலத்தில் அமைந்த அமைச்சரவை அறிவியல் ஆலோசனைக் குழு முதல், பல பெயர்களில் தோன்றியும் கலைந்தும் வந்த குழுக்களின் வழியாகவே நடந்தது. குழு கூடும், அறிக்கை தரும், கலையும். அறிக்கையின் பின்னாலேயே நடந்து, அது என்னவாயிற்று என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இல்லை. 1999இல் பிறந்த பதவி அந்தக் குறையைத் தீர்க்கவந்தது.

கலாம் அப்பதவியில் இருந்தது இரண்டே ஆண்டுகள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்த எஸ்.எல்.வி.-3ஐ, 1980 ஜூலை 18இல் ரோகிணியைச் சுமந்து வானேறச்செய்த திட்ட இயக்குநர் என்ற முறையில் அவர் பெயர் இந்த வட்டாரத்தில் விளக்கம் வேண்டாதது. தொழில்நுட்பத் தொலைநோக்கு 2020 என்னும் திட்ட ஆவணங்களை உருவாக்கிய அவர், மின்னணுப் பரிமாற்றங்களின் பாதுகாப்புக்கென்று சென்னையில் 2002இல் அமைந்த செட்ஸ் நிறுவனத்துக்கும் ஆலோசகராக இருந்தபோதே வித்திட்டார். 2001 நவம்பரில் அவர் பொறுப்பைத் துறந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்றார். அவர் தொடங்கிவைத்த பதவி வேரூன்றியது அடுத்தவரின் காலத்தில்தான்.

சிதம்பரம் 1936 நவம்பர் 11இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அணுக்கருக் காந்த ஒத்திசைவு குறித்து ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1962இல் பம்பாய் டிராம்பேயில் இருந்த அணுசக்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர்பெற்றது அதுவே. அங்கே அவர் எடுத்துக்கொண்ட முதல் துறை படிகவியல், அதாவது ஒரு பொருளின் படிகத்துக்குள் அணுக்கள் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்று கண்டறியும் இயல். படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும். ஒரே ஓர் எலெக்ட்ரானை மட்டும் உடைய ஹைட்ரஜன் அணு அந்தச் சிதறலில் ஏறக்குறையக் கண்ணுக்குத் தப்பிவிடும். நியூட்ரான் கற்றையோ எலெக்ட்ரானைப் பொருட்படுத்தாமல் அணுக்கருவில் பட்டுச் சிதறுவதால் ஹைட்ரஜனின் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். டிராம்பேயின் அணு உலையில் கிடைத்த நியூட்ரான்களைக் கொண்டு, புரதங்களுக்கு மூலப்பொருளான அமினோ அமிலங்களின் அமைப்பையும், அவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்பு இயங்கும் விதத்தையும் சிதம்பரமும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். உலகப் படிகவியலாளர் சமூகத்தில் அவருக்கு இடம் பெற்றுத்தந்தது இந்த வேலை. அணுகுண்டோடு மட்டும் அவர் பெயரைச் சேர்த்துப் பேசுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

1960களின் பிற்பகுதியில் அவர் புளூட்டோனியத்தின் நிலைச் சமன்பாட்டைக் கணிக்கும் வேலையில் இறங்கினார். ஒரு பொருளை அழுத்தினால் அதன் அடர்த்தி எவ்வளவு கூடும், வெப்பம் எவ்வளவு ஏறும் என்று அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் தொடர்புபடுத்தும் விதியே நிலைச் சமன்பாடு எனப்படும். வெடிமருந்து நாற்புறமிருந்தும் உள்நோக்கி அமுக்கும்போது உலோகம் நொடியின் மிகச் சிறு பங்குக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாமல் அணுவெடிக் கருவியை வடிவமைக்க முடியாது. எந்த நாடும் அதைப் பிறருக்குச் சொல்லித்தருவதும் இல்லை. அந்த எண்களைத் தாமே கண்டுபிடித்த குழுவின் உழைப்பு 1974 மே 18இல் ராஜஸ்தான் பாலைவனத்துப் பொக்ரானில் நடந்த அணுவெடிச் சோதனையில் பலித்தது. பம்பாயிலிருந்து அந்தப் பாலைவனம்வரை புளூட்டோனியத்தோடு உடன் பயணம் செய்தவர்களுள் அவரும் ஒருவர். வெடிமருந்து அமைப்பை உருவாக்கியது பாதுகாப்பு ஆய்வுக்கூடம், அணுக்கருப் பொருளை உருவாக்கியது அணுசக்தித் துறை. இரண்டு துறைகள் பொருந்தவேண்டிய இடத்தில் மயிரிழை பிசகினாலும் எதுவும் நடக்காது என்னும் பாடத்தை அவர் கற்றது அங்கே என்று கொள்ளலாம். இயற்பியலாளர் மேசையில் தனித்திருந்து கண்ட ஒன்று, நாட்டின் காரியமாக மாறுவதற்கு வேறு வேறு கைகளைக் கடந்துசெல்லவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகான அவரது உயர்வை விரைந்து சொல்லிவிடலாம். 1975இல் பத்மஸ்ரீ, 1990 முதல் 1993 வரை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர், 1993 முதல் 2000 வரை அணுசக்தி ஆணையத்தின் தலைவர், இடையே 1994-95இல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுத் தலைவர், 1999இல் பத்மவிபூஷண். இயக்குநராக அவர் பொறுப்பேற்றபின் மேற்கொண்ட முயற்சிகளுள் அனுபம் என்னும் இணைக்கணிப்பு மீக்கணினித் தொடர் குறிப்பிடத்தக்கது: வெளிநாடுகள் மீக்கணினி தர மறுத்துவந்த காலத்தில், பல சாதாரணக் கணிப்பான்களை ஒன்றோடொன்று பிணைத்து ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யவைக்கும் முறையில் அது உருவாக்கப்பட்டது.

1998 மே 11இலும் 13இலும் நடந்த பொக்ரான் சோதனைகளில் அணுசக்தி ஆணையத் தலைவராகச் சிதம்பரமும், பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகக் கலாமும் தலைமையேற்றனர். இந்தியாவின் முதல் இரண்டு முதன்மை அறிவியல் ஆலோசகர்களும் ஒரே காரியத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் என்பது தற்செயல் அன்று; மேலே சொன்னபடி, ஆணையிட முடியாத ஒரு பதவிக்கு மதிப்பைத் தரவல்லது முன் செய்த வேலையே என்று அரசும் கருதியதையே அது காட்டுகிறது. சோதனைக்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. படிகவியலாளர் கூட்டத்துக்குச் செல்லவிருந்த சிதம்பரத்துக்கு அதே ஆண்டில் அமெரிக்கா விசா மறுத்தது. தொழில்நுட்ப மறுப்பு என்பது ஒரு நாட்டுக்குக் கருவி விற்க மறுப்பதோடு நில்லாமல், அந்நாட்டு அறிவியலாளர் உலகக் கூட்டங்களில் அமர்வதையும் தடுக்கும் என்பது அவர் தம் அனுபவத்தில் கண்டது. எந்தத் தொழில்நுட்பம் மறுக்கப்படக்கூடுமோ அதை உள்நாட்டில் முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளவேண்டும் என்று பின்னாளில் அவர் தொடர்ந்து வற்புறுத்தினார்.

ஆலோசகர் பதவியில் சிதம்பரம் இரண்டு கருத்துகளை விடாமல் பேசிவந்தார். ஒன்று, ஒத்திசைந்த கூட்டு: துறைகள் ஒன்றுசேர்ந்தால் மட்டும் போதாது, அவை ஒரே இலக்கை நோக்கி ஒரே நேரத்தில் நகரவேண்டும் என்பது இதன் பொருள். மற்றொன்று, திசைகாட்டிய அடிப்படை ஆய்வு: உடனடிப் பயன் கருதாமல் இயற்கையை அறியும் ஆய்வு அடிப்படை ஆய்வு எனப்படும், அதன் சுதந்திரத்தைக் கெடுக்காமலே, நாட்டுக்கு நெடுங்காலத்தில் தேவைப்படும் களங்களை ஆய்வாளர் முன் வைத்து, அங்கே விளையும் கேள்விகளை எடுத்துக்கொள்ளத் தூண்டுவதை அவர் அப்பெயரால் குறித்தார். தம் விருப்பப்படி ஆராயும் உரிமையைப் பறிக்கவந்த சொல் இது என்று கருதினால் அது தவறான வாசிப்பு. புளூட்டோனியத்தின் நிலைச் சமன்பாடே அத்தகைய ஆய்வுக்கு உதாரணம் என்பதை நினைவில் கொண்டால் அவர் என்ன சொல்லவந்தார் என்பது தெளிவாகும்.

ஒத்திசைந்த கூட்டின் மிகப் பெரிய உருவம் தேசிய அறிவு வலையமைப்பு. பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், மருத்துவக் கல்லூரிகள் முதலியவற்றை மிகுவேக ஒளியிழைக் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைப்பது இதன் நோக்கம். தேசிய அறிவு ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. சிதம்பரத்தின் தலைமையில் அமைந்த உயர்நிலைக் குழு அதற்குத் திட்டவடிவம் தந்தது. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,500 நிறுவனங்களை இணைப்பது இலக்கு. ஓர் ஊரின் ராடாரில் பதிவாகும் தரவுகளை வட்டுகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்காமல், இன்னோர் ஊரின் கணினி நேரே எடுத்துக் கணக்கிடலாம். சிறிய ஊரின் கல்லூரி மாணவர் பெரிய நிறுவனத்தின் வகுப்பில் அமரலாம். ஜெனீவாவின் துகள் முடுக்கியில் பிறக்கும் மாபெரும் தரவுக் குவியலில் இந்தியக் குழுக்கள் இங்கிருந்தே வேலை செய்யலாம். சாலை போடப்பட்டபின் அதில் யார் எதை ஏற்றிச்செல்கிறார்கள் என்பது வேறு கேள்வி. பல கல்லூரிகளில் அந்தக் கம்பி சாதாரண இணையத்துக்கே பயன்பட்டு நின்றுவிட்டது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் சாலை இல்லாத காலத்தில் கூட்டு ஆய்வு பற்றிப் பேசியதெல்லாம் வெறும் விருப்பமே.

பெருந்தொகை வேண்டாத, ஆனால் இவ்வுரையின் நோக்கில் இதைவிட முக்கியமான முயற்சி ரூடாக் எனப்படும் ஊரகத் தொழில்நுட்பச் செயற்குழு. 2004ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த இத்திட்டத்தில் சென்னை, டெல்லி, கரக்பூர், கௌகாத்தி முதலிய இடங்களின் ஐ.ஐ.டி.கள் மையங்களாயின. ஊரில் வேலைசெய்யும் தொண்டு நிறுவனம் ஒன்று, மக்களுக்கு அன்றாடம் தொல்லை தரும் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைக் கொண்டுவரவேண்டும், ஐ.ஐ.டி. பேராசிரியரும் மாணவரும் அதற்குத் தீர்வு காணவேண்டும். தீர்வு மீண்டும் அந்த ஊருக்கே போய்ச் சோதிக்கப்படவேண்டும். மதுராவை அடுத்த கிராமத்துப் பெண்கள் துளசிமணி கடைய உதவும் கருவி, ஆட்டுரோமம் கத்தரிக்கும் கருவி, தறியின் மேம்பட்ட வடிவம் போன்றவை டெல்லி மையத்தின் வழியே வந்தவை. அணுகுண்டு வடிவமைத்தவர் மணி கடையும் கருவிக்காகக் கூட்டம் நடத்தியதை இறக்கமாக எண்ணுவோர் அறிவியலைப் பற்றி மிகத் தவறான படிமத்தை வைத்திருக்கின்றனர். கேள்வி யாருடையது என்பதை வைத்துக் கேள்வியின் தரம் அளக்கப்படுவதில்லை.

அதே காலத்தில் உத்தராகண்டில் நடந்த வேலை ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். சமோலி மாவட்டத்துக் கௌசர் பகுதியில் மலைக்கிராமங்களின் குடிநீருக்கு ஆதாரமான சுனைகள் வற்றிக்கொண்டிருந்தன. மழைநீரை எங்கேயாவது தேக்கினால் சுனை ஊறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எந்தச் சரிவில் தேக்கினால் எந்தச் சுனை ஊறும் என்பதே யாருக்கும் தெரியாதது. தண்ணீரின் மூலக்கூறுகளுள் மிகச்சிறு பகுதியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சற்றே கனமான வடிவில் இருக்கும். இவை ஐசோடோப்புகள் எனப்படும். மேகம் மலையேற ஏற, கனமான வடிவம் முதலில் மழையாக இறங்கிவிடுவதால், உயரமான இடத்தில் பெய்யும் மழையில் அதன் பங்கு குறைந்துகொண்டே போகும். ஆகவே சுனைநீரில் அந்தப் பங்கை அளந்தால், அந்த நீர் எந்த உயரத்தில் மழையாக விழுந்து நிலத்துக்குள் இறங்கியது என்று சொல்லிவிடலாம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐசோடோப்பு நீரியலாளர்கள் இதைச் செய்து, நீர் இறங்கும் இடங்களை அடையாளம் காட்ட, ஹெஸ்கோ என்னும் தொண்டு நிறுவனம் கிராமத்தாரோடு சேர்ந்து அங்கே தடுப்புகள் கட்டியது. சுனைகளில் நீர்வரத்து கூடியது. அணுசக்தித் துறையின் பணிப்பட்டியலில் மலைக்கிராமத்துக் குடிநீர் இல்லை. தொண்டு நிறுவனத்தின் தொலைபேசிப் புத்தகத்தில் டிராம்பேயின் எண் இல்லை. இரண்டையும் அறிந்த ஒருவர் நடுவில் இருந்ததால் நிகழ்ந்தது இது. ஆலோசகரின் பணி எது என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

தொழில்துறையிலும் அதே முறை பின்பற்றப்பட்டது. வாகனத் துறைக்கென்று 2003இல் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு, சந்தையில் ஒன்றோடொன்று மோதும் நிறுவனங்களை, போட்டி தொடங்குவதற்கு முந்திய கட்டத்து ஆய்வில் மட்டும் ஒன்றுசேர்ந்து செலவிட அழைத்தது: ஓர் எஞ்சினின் உலோகம் எப்படித் தேய்கிறது என்னும் பொது அறிவு எல்லாருக்கும் உதவும், அதைக்கொண்டு யார் சிறந்த வண்டி செய்கிறார் என்பது அவரவர் திறமை. நேனோமின்னணுவியலுக்கு இந்திய அறிவியல் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் எழுந்த மையங்களும் அவரது அலுவலகத்தின் பரிந்துரையோடு தொடர்புடையவை.

நிலக்கரி மின்சாரத்தில் அவர் எடுத்த முயற்சி தமிழ்நாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ளது. இந்திய அனல்மின் நிலையங்களில் நீராவி ஏறக்குறைய 540 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுழலியை ஓட்டுகிறது. அதை 700 டிகிரிக்கு மேல் ஏற்றினால் அதே அளவு நிலக்கரியிலிருந்து கூடுதல் மின்சாரம் கிடைக்கும், புகையும் குறையும். ஆனால் அந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் பல்லாண்டு தாங்கும் குழாய் வேண்டும். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேக ஈனுலைகளுக்காக உயர்வெப்ப உலோகவியலில் அறிவு சேர்த்திருந்தது. கொதிகலன் கட்டத் தெரிந்தது பெல் நிறுவனத்துக்கு. நிலையத்தை நடத்தத் தெரிந்தது தேசிய அனல்மின் கழகத்துக்கு. மூன்றையும் ஒரே கூட்டணியாக்கி, மேம்பட்ட மீயுயர் நிலை அனல்மின் தொழில்நுட்பம் என்னும் இயக்கத்தைச் சிதம்பரத்தின் அலுவலகம் முன்னெடுத்தது. 2016இல் 1,554 கோடி ரூபாய் ஆய்வுத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. ஹைதராபாத்தின் நிறுவனங்களோடு சேர்ந்து நிக்கல் சார்ந்த உலோகக்கலவைக் குழாய்கள் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டன. 800 மெகாவாட் நிலையம் கட்டப்படும் என்னும் அறிவிப்பு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றது 2024இல்தான். ஆலோசகர் விதைத்ததை அவர் பதவியில் இருக்கும்போதே அறுவடை செய்துவிடவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனிக் குறைகளையும் பேசியாகவேண்டும். 1998 மே 11இல் வெடிக்கப்பட்ட வெப்ப அணுக்கருக் கருவியின் ஆற்றல் 45 கிலோடன் என்று அறிவிக்கப்பட்டது. சோதனைக்களப் பணிகளில் முக்கியப் பங்காற்றிய கே. சந்தானம், அது எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று 2009 ஆகஸ்டில் வெளிப்படையாகக் கூறினார். அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி.கே. ஐயங்காரும் ஐயம் எழுப்பியிருந்தார். நில அதிர்வுப் பதிவுகளையும், வெடித்த இடத்துப் பாறையில் கிடைத்த கதிரியக்க எச்சங்களின் பகுப்பாய்வையும் காட்டிச் சிதம்பரம் தம் கணக்கு சரியே என்று மறுத்தார். கலாமும் அவர் பக்கமே நின்றார். முழுத் தரவும் மறைவில் இருக்கும்வரை வெளியில் உள்ளோர் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. இவ்வுரை சுட்டவிரும்புவது வேறொன்று: சோதனையை நடத்தியவரே அரசின் தலைமை ஆலோசகராகவும் இருக்கும்போது, அச்சோதனையைப் பற்றிய சர்ச்சையில் அரசுக்கு நடுநிலையான அறிவியல் குரல் எங்கிருந்து வரும்? முன் செய்த வேலை ஆலோசகருக்குப் பலம் என்று மேலே கூறப்பட்டது. அதே வேலை அவரைக் கட்டவும் கூடும் என்பதை அதனோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

மற்றொரு குறை பதவியின் இயல்பைச் சார்ந்தது. பதினாறு ஆண்டுகளில் அவர் அரசுக்கு எழுதிய ஆலோசனைக் குறிப்புகளுள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தவை மிகச் சிலவே. ராணுவ ரகசியம் காக்கப்படவேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. நிலத்தடி நீர், விதை, நகரக் காற்று, கடலோரம் குறித்த ஆலோசனைக்கு ரகசியம் எதற்கு? பிரிட்டனில் கொரோனாக் காலத்தில் அறிவியல் ஆலோசனைக் குழுவின் கூட்டக் குறிப்புகள் வெளியிடப்பட்டபோது அரசுக்குச் சங்கடமும் விளைந்தது. ஆனால் எந்த முடிவு அறிவியலின் முடிவு, எது அரசியலின் முடிவு என்று குடிமகன் பிரித்தறியவும் முடிந்தது. இந்தியாவில் அந்தக் கோடு இன்னும் வரையப்படவில்லை. ஆய்வுக்கான செலவும் அவ்வாறே. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்குச் செல்லும் பங்கு 2020-21இல் 0.64 விழுக்காடே, அதை உயர்த்தவேண்டும் என்று ஆலோசகர்கள் மாறி மாறிச் சொல்லிவந்தும் அது உயரவில்லை. கூட்டு எவ்வளவு ஒத்திசைந்தாலும் சோறில்லாமல் உழைக்க முடியாது.

சிதம்பரம் 2018 மார்ச்சில் பொறுப்பிலிருந்து விலகினார். 2023இல் தம் நினைவுக்குறிப்புகளை இணையாசிரியருடன் நூலாக்கி, 2025 ஜனவரி 4இல் மும்பையில் தம் 88ஆம் வயதில் மறைந்தார். அடுத்துவந்த விஜயராகவன் காலத்தில் பிரதமருக்கான அறிவியல் தொழில்நுட்பப் புத்தாக்க ஆலோசனைக் குழு அமைந்தது. ஒரே நகரத்தின் ஆய்வுக்கூடங்கள், கல்லூரிகள், தொழிற்சாலைகள், உள்ளூர் நிர்வாகம் ஆகியவற்றை ஒரு கொத்தாக்கும் அறிவியல் தொழில்நுட்பக் கொத்துகள் ஹைதராபாத், பெங்களூர், புனே முதலிய இடங்களில் தொடங்கப்பட்டன. அஜய் குமார் சூதின் காலத்தில் 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

கொத்துகள் பெருநகரங்களோடு நின்றுவிட்டன. வரதய்யபாளையம் வட்டாரத்துக்கு அத்தகைய கூட்டு ஒன்று வாய்க்குமானால் அது முதலில் கையில் எடுக்கவேண்டியது பழவேற்காடு ஏரி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அந்த உப்பங்கழியில் ஆந்திரப் பக்கத்து முகத்துவாரங்கள் மணல் மூடி அடைபட, நீரின் ஆழமும் உப்பளவும் மாறி, மீனும் இறாலும் குறைந்து, மீனவர் வேறு கரைகளுக்குப் போகவேண்டியிருக்கிறது. ஏவுதளத்துக்குச் செல்லும் சாலை ஏரியைக் குறுக்கே பிரிக்கிறது. பூநாரைகள் வந்திறங்கும் சதுப்பும் அங்கேயே இருக்கிறது. மணல் எங்கிருந்து வருகிறது என்பதை விண்ணிலிருந்து எடுத்த படங்கள் காட்டும். காற்றையும் மழையையும் கடங்கி சொல்லும். ஆறுகளின் நீரும் நிலத்தடி நீரும் ஏரிக்கு எவ்வளவு வருகின்றன என்பதைக் கௌசர் சுனையில் பயன்பட்ட அதே ஐசோடோப்பு முறை பிரித்துக்காட்டும். முகத்துவாரம் எந்த மாதத்தில் எப்படி மூடுகிறது என்பதைத் தலைமுறைகளாகப் படகேறும் மீனவர் அறிவர். இவ்வளவு அறிவையும் ஒரு மேசைக்கு அழைக்கும் கடிதத்தில் கையொப்பமிடவேண்டியவர் யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.